கேட்காமல் எடுத்துக்கொண்ட உடல்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் வயசானவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1782-ல் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து ஜனங்களை விரட்டியபோது, பட்டினியோடு சென்னைப்பட்டணம் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற இந்தப் பக்கத்தில் ஒரு சத்திரம் தொடங்கினார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்காக இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. பசிக்குக் கஞ்சி ஊற்றிய இடம் டாக்டர்களை உருவாக்கும் இடமான கதை இது. வடசென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அதே தெருக்களில் ஒரு பயமும் கூடவே இருந்தது. கேட்பார் இல்லாமல் செத்தால் உடம்பை எடுத்துப்போய் அறுத்துப் படிப்பார்கள் என்ற பயம். எங்கள் தெருவில் தனியாக இட்லி சுட்டு விற்ற ஆயா ஒருவர் இருந்தார். இட்லி வாங்கப் போகும் பிள்ளைகளிடம், “நான் பூட்டா என்னை அநாதப் பொணமா உட்றாதீங்கடா, நீங்கதான் தூக்கிப் போடணும்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

மம்மிகள், சூனியக்காரிகள், கண்ணாடி ஜாடியில் மிதக்கும் உறுப்புகள், மியூசியத்தில் நிற்கும் ராட்சத எலும்புக்கூடு என்று சரித்திரத்தின் இருண்ட மூலைகளைப் பற்றிய வீடியோக்கள் நம் போனில் தினமும் வந்து விழுகின்றன. திகிலாகப் பார்க்கிறோம், அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். அந்த ஆயாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவற்றைப் பார்க்கும்போது வேறு ஒரு கேள்வி வரும். அந்த ஜாடியில் இருப்பவரிடம் யாராவது கேட்டார்களா? கெடாமல் வைக்கப்பட்ட உடல்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்த்தால், விநோதம் என்று நாம் நினைத்ததெல்லாம் பெரும்பாலும் ஏழைகளின் கதையாக இருக்கிறது.

சூனியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் அரசர் காலத்தில், 1604-ல், சூனியத்துக்கு எதிராக ஒரு கடுமையான சட்டம் வந்தது. கல்லறையிலிருந்து பிணத்தையோ, அதன் தோல், எலும்பு முதலிய எந்தப் பாகத்தையோ மாந்திரீகத்துக்காக எடுத்தால் மரண தண்டனை. நமக்கு இந்தப் பயம் புதிதில்லை. தலைச்சன் பிள்ளை செத்தால் புதைத்த இடத்தில் காவல் இருந்த குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மண்டை ஓட்டைத் தோண்டி எடுத்து மை காய்ச்சிவிடுவான் மந்திரவாதி என்ற பேச்சு அப்படி.

சரி, அந்த இங்கிலாந்தில் அதே காலத்தில் மருந்துக் கடைகளில் என்ன விற்றது தெரியுமா? மனித உடல்தான். எகிப்திலிருந்து வந்த மம்மியைப் பொடி செய்து ‘மூமியா’ என்று விற்றார்கள். அடிபட்ட ரத்தக்கட்டு, தலைவலி, வயிற்றுக் கோளாறு, எல்லாவற்றுக்கும் அது மருந்து. ஜெர்மன் ஊர்களில் தூக்குப் போடுபவர்களே மனிதக் கொழுப்பை எடுத்து மருந்துக் கடைக்கு விற்றார்கள். இரண்டாம் சார்லஸ் அரசர் 1685-ல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய வைத்தியர்கள் வாயில் ஊற்றிய மருந்துகளில் மனித மண்டை ஓட்டிலிருந்து வடித்த சாரமும் ஒன்று. ஊர் ஒதுக்குப்புறத்துக் கிழவி ஒரு எலும்பை வைத்திருந்தால் தூக்கு. அரண்மனை வைத்தியர் வைத்திருந்தால் சம்பளம். ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெண்கள். விதவைகளும் ஏழைகளும் நிறைய. யார் கையில் எலும்பு இருந்தது என்பதை வைத்தே அது குற்றமா வைத்தியமா என்று முடிவானது.

மம்மி வியாபாரத்தில் இதைவிட மோசமான பகுதி ஒன்று இருக்கிறது. ஆம்ப்ரோஸ் பாரே என்ற 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு மருத்துவர் 1564-ல் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போய் மம்மி விற்கும் வியாபாரியைப் பார்க்கிறார். முப்பது நாற்பது உடல்கள் அடுக்கியிருக்கின்றன. இவை பழைய அரசர்களுடையவையா என்று கேட்டதும் வியாபாரி சிரித்துவிட்டாராம். எல்லாம் போன நாலு வருஷத்தில் தானே செய்தது, செத்த அடிமைகளும் கிடைத்த மற்றப் பிணங்களும்தான், என்ன நோயில் செத்தார்கள் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றிருக்கிறார். பாரே இந்த மருந்தை வெறுத்தார், நோயாளிகளுக்குக் கொடுக்க மறுத்தார். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய மருந்து நிறுவன விலைப்பட்டியலில் ‘அசல் எகிப்திய மம்மி’ இருந்துகொண்டே இருந்தது.

எகிப்தின் அரசர்கள் கதை வேறு. 2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் 18 அரசர்கள், 4 அரசிகளின் மம்மிகளைப் புது அருங்காட்சியகத்துக்கு மாற்றியபோது தங்க நிற வண்டிகளில் ஊர்வலம் விட்டு, 21 குண்டு முழங்கி மரியாதை செய்தார்கள். டி.வி.யில் உலகமே பார்த்தது. பொடியாகிப் போன சாதாரண ஜனங்களின் மம்மிகளுக்கு ஒரு ஓலைத் துண்டில்கூடப் பெயர் மிஞ்சவில்லை.

அப்புறம் வருகிறது உடற்கூறியல் காலம். மனித உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்க்காமல் வைத்தியம் கற்றுக்கொள்ள முடியாது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் விரல் துண்டாகி ஓடி வருகிறவருக்கு நரம்பையும் ரத்தக் குழாயையும் தேடி ஒட்டுகிறார்களே, கை அறுவைச் சிகிச்சைக்கு ஸ்டான்லி நாடு முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறதே, அந்தத் திறமையின் முதல் பாடம் எங்கோ ஒரு மேஜையில் கிடந்த ஒருவரின் கையில்தான் தொடங்கியிருக்கும். அந்த ஒருவர் யார் என்பதுதான் விஷயம்.

பிரிட்டனில் 1752-ல் அமலுக்கு வந்த கொலைச் சட்டம், கொலைகாரரைத் தூக்கில் போட்ட பிறகு புதைக்கக் கூடாது என்றது. ஒன்று சங்கிலியில் தொங்கவிட வேண்டும், அல்லது மருத்துவர்களிடம் அறுக்கக் கொடுக்க வேண்டும். உடல் அறுக்கப்படுவது சாவுக்கு மேல் போடப்பட்ட இன்னொரு தண்டனையானது. ஆனால் மருத்துவப் பள்ளிகள் பெருகிக்கொண்டே போக, தூக்கில் வந்த உடல்கள் போதவில்லை. கல்லறைத் திருடர்கள் கிளம்பினார்கள். சத்தம் கேட்காமல் இருக்க மர மண்வெட்டி. தலைமாட்டுப் பக்கம் மட்டும் தோண்டி, பெட்டியின் மூடியை அங்கேயே உடைத்து, கயிறு கட்டி இழுத்து எடுத்துவிடுவார்கள். உடுத்தியிருந்த துணியைக் கழற்றித் திரும்பக் குழியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஏனென்றால் சட்டப்படி பிணம் யாருடைய சொத்தும் இல்லை, துணி சொத்து. துணியைத் திருடினால் பெரிய குற்றம். செத்தவரைத் திருடினால் சின்னக் குற்றம்.

பணக்காரர்கள் ஈயப் பெட்டி வாங்கினார்கள், கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள், காவலுக்கு ஆள் வைத்தார்கள். ஏழைகளை ஒரே பெரிய குழியில் வரிசையாகப் போட்டு, அது நிரம்பும்வரை மேலே மண்ணைக்கூட ஒழுங்காக மூடாமல் விட்டார்கள். திருடர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடின்பரோவில் 1827-28-ல் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் தோண்டும் சிரமமே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் அவர்கள் விடுதியில் வாடகை பாக்கியோடு இயற்கையாகவே செத்த ஒரு கிழவரின் உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியரின் பள்ளிக்கு ஏழரை பவுண்டுக்கு விற்றார்கள். காசு ருசி கண்டதும், சில மாதங்களில் 16 பேரைக் கொன்று விற்றார்கள். செத்தவர்கள் எல்லாம் கூலிக்காரர்கள், பிச்சைக்காரர்கள், தெருவில் திரிந்த மனவளர்ச்சி குன்றிய ஒரு இளைஞர், தேடி வர ஆளில்லாத பெண்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பித்தார். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டு, அறுத்து, ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குக் காட்டினார்கள். அவருடைய எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உடல்களை விலைக்கு வாங்கிய நாக்ஸ் மீது வழக்கே இல்லை.

பர்க்-ஹேர் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் நம்மைத் தொடுவது. 1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடற்கூறியல் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொலைகாரர்களை அறுக்கும் தண்டனை போனது. அதற்குப் பதிலாக, ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இறந்து, உறவினர் யாரும் வந்து கேட்காத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றானது. நேற்றுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்தது அன்றிலிருந்து வறுமைக்குத் தண்டனையாக மாறியது. ஜனங்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் மான்செஸ்டரில், காலரா ஆஸ்பத்திரியில் இறந்த ஒரு சின்னப் பையனின் சவப்பெட்டியைத் தாத்தா திறந்து பார்த்தால், தலை இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் இருந்தது. கூட்டம் ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்கியது. அந்த ஊர்த் தொழிலாளிகள் வாரம் ஒரு பென்னி போட்டுச் சாவுச் செலவுக்கென்றே சங்கம் வைத்துச் சேர்த்தார்கள். சோற்றில் குறைத்தாலும் அதில் குறைக்கமாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று நம் ஊரைப் பார்க்க வேண்டும். வடசென்னையில் ஒரு சாவு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள், “கடன் வாங்கி எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். தெருவை அடைத்து ஷாமியானா, வாடகை பிளாஸ்டிக் நாற்காலி, வெளியூர்ப் பெண் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி, சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ராத்திரி முழுக்கக் கானா. கானா பாடுகிறவர் செத்தவரின் பெயரை வைத்து, அவர் பார்த்த வேலை, துறைமுகத்தில் தூக்கிய மூட்டை, பெற்ற பிள்ளைகள், அவர்கள் போட்ட சண்டை எல்லாவற்றையும் பாட்டில் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் பூப்பாடை, செட்டு மேளம், பட்டாசு. மூலகொத்தளமோ காசிமேடோ, போகிற வழியெல்லாம் ரோஜா இதழ். உயிரோடு இருந்தபோது ரேஷன் கடை வரிசையில் நாலாவது ஆளாக நின்றவருக்கு அன்று ஒருநாள் போக்குவரத்தே ஒதுங்கி வழிவிடும். இந்த மனிதருக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற ஏற்பாடு அது. மான்செஸ்டர் தொழிலாளி பென்னி பென்னியாகச் சேர்த்ததும் இதற்காகத்தான்.

பிணத்தைக் கண்டு அருவருக்கிற ஊரும் இல்லை இது. மாசி மாதம் சிவராத்திரி முடிந்த அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். அம்மன் வேஷம் கட்டி, நாக்கைத் துருத்தி, சுடுகாட்டுக்கே போய் ஆடுவார்கள். பிரம்மனின் மண்டை ஓடு சிவன் கையில் ஒட்டிக்கொள்ள, அம்மன் அதை விடுவித்த கதை. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனங்கள் சுடுகாட்டுக்குள் நிற்பார்கள். சாவு இங்கே பழகின விஷயம். கேட்பாரற்றுப் போவதுதான் பழகாதது.

1832-க்கே திரும்புகிறேன். அந்தச் சட்டத்துக்கு யோசனை கொடுத்தவர்களில் ஒருவர் ஜெரமி பெந்தாம் என்ற தத்துவ அறிஞர். ஏழைகளின் உடலைக் கொடுக்கச் சொன்ன பலர் தங்கள் உடலைக் கொடுக்கவில்லை. பெந்தாம் கொடுத்தார். அந்த வருடம் ஜூன் 6-ல் இறந்தார். மூன்று நாள் கழித்து அவர் நண்பரான மருத்துவர் சவுத்வுட் ஸ்மித், அழைக்கப்பட்டவர்கள் முன்னால் உடலை அறுத்து விளக்கினார். எலும்புக்கூட்டுக்கு வைக்கோல் அடைத்து, பெந்தாமின் சொந்த உடையை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இப்போதும் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். தலையைப் பதப்படுத்தியது மட்டும் சரியாக வரவில்லை. நியூசிலாந்து மாவோரிகள் தலையை உலர்த்தும் முறையைப் பின்பற்றப் பார்த்தார்கள். தோல் கறுத்து இறுகி, முகத்தில் உயிரே இல்லாமல் போய்விட்டது. அதனால் உடலுக்கு மெழுகுத் தலை வைத்தார்கள். தன் தலையில் பொருத்துவதற்கென்று பெந்தாம் தன் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணாடிக் கண்களைச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று உயிலில் அவரே எழுதினார், அதன்படியே நடந்தது என்பது நிஜம்.

அவருக்குப் பக்கத்தில் சார்லஸ் பர்னை வைத்துப் பாருங்கள். அயர்லாந்து கிராமத்துப் பையன், ஏழரை அடிக்கு மேல் உயரம். 1782-ல் லண்டனுக்கு வந்து தன்னையே காட்சிப் பொருளாக்கிப் பிழைத்தார். மறு வருடம் 22 வயதில் இறந்தார். ஜான் ஹன்டர் என்ற பெரிய அறுவை மருத்துவர் தன் எலும்புக்கூட்டின் மேல் கண் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். அதனால் தன்னை ஈயப் பெட்டியில் அடைத்துக் கடலில் போட்டுவிடச் சொல்லி நண்பர்களிடம் காசும் கொடுத்து வைத்தார். ஹன்டர் லஞ்சம் கொடுத்து வழியிலேயே உடலை மாற்றி எடுத்தார், பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்துச் சதையை நீக்கினார், சில வருடம் மறைத்து வைத்து அப்புறம் காட்சிக்கு வைத்தார். இருநூறு வருடத்துக்கு மேல் அந்த எலும்புக்கூடு லண்டன் ஹன்டேரியன் மியூசியத்தில் நின்றது. 2023-ல் மியூசியத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடலில் போடவில்லை. ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்துக்குக் காரணம் மூளையடிச் சுரப்பியில் வந்த கட்டி என்பதும், அதன் பின்னால் இருந்த மரபணுக் கோளாறும் அந்த எலும்பையும் பல்லையும் வைத்துத்தான் தெரிந்தன. பயன் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னார். தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னது இன்றுவரை நடக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் சாரா பார்ட்மன் கதையும் இப்படித்தான். உடல்வாகைக் காட்டிக் காசு பண்ண 1810-ல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர், 1815-ல் பாரிசில் இறந்தார். விஞ்ஞானி குவியே அவரை அறுத்து, மூளையையும் பிறப்புறுப்பையும் ஜாடியில் போட்டார். 1974 வரை பாரிஸ் மியூசியத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மண்டேலா குடியரசுத் தலைவரான பிறகு கேட்டு, அதற்கும் எட்டு வருடம் இழுத்து, 2002-ல்தான் சொந்த மண்ணில் அடக்கமானார். ஆப்பிரிக்காவில் புதைத்த இடத்திலிருந்து 1830 வாக்கில் திருடி, விலங்குக்குச் செய்வதுபோல் தோலைப் பாடம் பண்ணி, ஸ்பெயினின் பன்யோலஸ் ஊர் மியூசியத்தில் நிறுத்தியிருந்தார்கள் ஒருவரை. 1997 வரை அங்கே காட்சியில் இருந்தார். 2000-ல் போட்ஸ்வானாவில் புதைத்தார்கள். அவர் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

இந்தியா இந்த வரிசையில் எங்கே வருகிறது? எலும்பில் வருகிறது. 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்துப் பாடம் படித்தது ஒரு பெரிய திருப்பம். அதை மரியாதையோடு சொல்ல வேண்டும். ஆனால் அதே கல்கத்தா பின்னால் உலகத்துக்கே எலும்புக்கூடு ஏற்றுமதி செய்யும் ஊரானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் பெட்டியில் வைத்துப் படித்த எலும்புகள் இந்திய ஏழைகளுடையவை. 1985-ல் ஒரு வியாபாரி 1,500 குழந்தைகளின் எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்து பிடிபட்டதும் நாடே பதறியது. மத்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியை அந்த வருடம் தடை செய்தது. ஆயிரத்து ஐநூறு குழந்தைகள். அந்த எண்ணைத் தாண்டிச் சட்டென்று அடுத்த வரிக்குப் போக எனக்கு முடியவில்லை.

உடல் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறந்ததும் உடம்பின் சொந்த நொதிகளும் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து திசுவைக் கரைக்க ஆரம்பிக்கும். எகிப்தியர்கள் நாட்ரான் என்ற உப்பைக் கொட்டி ஈரத்தை உறிஞ்சி அதைத் தடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சாராயம். ஃபார்மலின் திசுவை இறுக்கிப் பிடிக்கிறது என்று 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்ற ஜெர்மானியர் கண்டார். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்துவிடும். அப்புறம் நொதி வேலை செய்யாது, பாக்டீரியாவுக்கும் சாப்பாடு கிடையாது. தொடை அல்லது கழுத்துத் தமனியில் குழாய் செருகி, உடம்பு முழுக்க மருந்தை ஏற்றுவார்கள். தோல் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறி, தொட்டால் பதனிட்ட தோல் மாதிரி இருக்கும். முதல் வருஷ மாணவர்கள் உள்ளே போனதும் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அது அழுகை இல்லை, மருந்து. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1951-ல் வந்த சென்னை உடற்கூறியல் சட்டம். கேட்பாரற்ற உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்வது. 1832-ன் தர்க்கம் அப்படியே இதிலும் இருக்கிறது. சம்மதம் சொன்னவர் யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஆள் வராததையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆள் ஏன் வரவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பேப்பரில் ஓரமாகப் போலீஸ் அறிவிப்பு வரும். அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 55, நீலக் கட்டம் போட்ட லுங்கி, வலது முன்கையில் ஒரு பெண் பெயர் பச்சை குத்தியிருக்கிறது என்ற மாதிரி இருக்கும். அந்தப் பச்சையைக் குத்திக்கொண்ட நாளில் அவருக்கு ஆள் இருந்தது. எண்ணூர், மணலிப் பக்கம் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா தொழிலாளி ரயில் பாதையோரம் இறந்து கிடந்தால், அவர் அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தாலும் டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், வந்தாலும் எந்த ஸ்டேஷன், எந்த மார்ச்சுவரி, எந்த மொழியில் கேட்பது என்று தெரிய வேண்டும். ‘கேட்பாரற்ற’ என்று ரெஜிஸ்டரில் எழுதும்போது இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. இறந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2002-ல் வீடற்றவர்களின் அடக்கம் பற்றிய வழக்கிலும் அதை வலியுறுத்தியது. சென்னையில் இப்படிப்பட்டவர்களை வாங்கி, மாலை போட்டு, முறைப்படி அடக்கம் செய்யும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் நல்ல மனசு. கல்லூரிக்குப் போகும் உடலுக்கும் அதே மரியாதையைச் செய்ய வேண்டியது அரசின் கடமை.

பணக்கார நாட்டிலும் இது முடிந்த கதை இல்லை. அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம், குடும்பத்துக்குச் சரியாகத் தகவல் சொல்லாமலே கேட்பாரற்ற உடல்களைப் பாடத்துக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தியது 2024-ல் பத்திரிகைகளில் வெளியாகி, நிறுத்தப்பட்டது. சிலரின் உறவினர்களுக்குச் செய்தியாளர்கள் போன் செய்தபோதுதான் இறந்த விஷயமே தெரிந்திருக்கிறது.

வேறு வழி இருக்கிறது, நம்மிடமே பழைய காலத்திலிருந்து இருக்கிறது. புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்த நிலையில் குயவரிடம் பேசுகிறாள். தாழியை அகலமாகச் செய்யுங்கள், என்னையும் அதில் வைக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய துயரம் பெரியது. ஆனால் தன் உடல் எங்கே போக வேண்டும் என்று தன் வாயால் சொல்கிறாள். ஆதிச்சநல்லூரில் அப்படிப்பட்ட தாழிகளை 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், எடுத்ததைப் பெர்லினுக்கு அனுப்பினார். அதற்குள் இருந்தவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

உடல்தானம்தான் இன்றைக்கு அந்தப் பெண்ணின் குரல் போன்றது. ஜோதி பாசு 2010-ல் தன் உடலைக் கல்கத்தா மருத்துவமனைக்குக் கொடுத்தார். சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-ல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. தமிழ்நாட்டில் பெரியார் இயக்கத்தவர்களும் இடதுசாரிகளும் நிறையப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படித்தவர்கள், வசதியானவர்கள், செல்வாக்குள்ளவர்கள் இதில் அதிகமாக வர வர, மேஜையில் கிடப்பவர் ஏழையாக மட்டுமே இருக்க வேண்டிய அவசியம் குறையும். அதனாலேயே இதை வெறும் தர்மமாக நான் பார்க்கவில்லை. இருநூறு வருடப் பாக்கி இது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போனால் படிவம் தருவார்கள். நிரப்பி, சாட்சிக் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். இறந்த பிறகு குடும்பத்தார் சீக்கிரமே தகவல் சொல்லி, இறப்புச் சான்றோடு உடலை ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்று நோய்கள் இருந்தவர்களின் உடலையும் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண் தானம் தனி. அதை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதைச் செய்துவிட்டு உடலையும் கொடுக்கலாம். முக்கியமாக, வீட்டில் உட்கார வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டியது அவர்கள்தான்.